மூன்று தடவை பார்த்த பிறகு

அக்காவின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசியில் வந்தது.

"பசை, யாருன்னு தெரியுதா?"

பசை என்பது தங்கைக்கு அக்கா வைத்த பட்டப்பெயர். சின்னவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். இரண்டு வருடமாக அக்கா தொலைபேசியில் பேசியதில்லை. பேசினால் காற்றுதான் கேட்கும்.

"என்னடி, இப்ப உனக்குக் குரல் போயிடுச்சா?"

பின்னாலிருந்து அத்தான் சத்தம் போட்டார். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு. ரெண்டு வருஷமாத்தான் இந்த வீட்டுல என் பேச்சு எடுபட்டுச்சு. அதுலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டா."

அக்கா சிரித்தாள். சிரிப்பு மேலே போய்க் கீழே இறங்கியது. சின்னவள் கவனித்தது அதைத்தான். சும்மா சத்தம் வருவது வேறு. ஏறி இறங்குவது வேறு.

அக்கா நீச்சல் சொல்லித் தருகிறவள். குளத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையில் இருக்கும் பிள்ளையிடம் முழங்காலை மடக்காதே என்று சொல்ல வேண்டும். அது தண்ணீருக்குள் இருக்கும் காதுக்கு எட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. கத்திக் கத்திக் குரல்நாணில் ஒரு கொப்புளம் வந்தது. வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடம் தழும்பானது. தழும்பு அதிராது. அதிராத நாணில் குரல் பிறக்காது.

கொஞ்ச நாள் பலகையில் எழுதிக் காட்டினாள். தண்ணீரில் முகம் புதைத்திருக்கும் பிள்ளை பலகையை எப்போது பார்ப்பது? குளத்து மேலாளர் நல்லவர். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. வாசலில், உடை வைக்கும் பெட்டிகளுக்குச் சாவி கொடுக்கும் மேசையில் உட்காரவைத்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அக்கா சாவி கொடுத்துப் பிழைத்தாள்.

தொண்டை டாக்டர் அப்போதே ஒரு வழி சொன்னார். கழுத்தில் சின்னதாகக் கீறி, கெட்டியான துண்டு ஒன்றை உள்ளே வைத்து, தழும்பேறிய நாணை நடுவில் தள்ளிவிடுவது. பழைய ஆபரேஷன். குரல் கட்டாயம் வரும். ஆனால் ஒரே சுருதியில் வரும்.

"என்னடி செய்யட்டும்?" என்று அக்கா காற்றாகக் கேட்டாள்.

"பொறுத்துக்கோக்கா. எங்களுது வந்துடும்."

அக்கா பொறுத்தாள்.

எங்களுது என்று சின்னவள் சொன்னது ஒரு போலியை. உடம்பில் எலாஸ்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. தோலில், நுரையீரலில், ரத்தக்குழாயில், குரல்நாணில். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். பிறந்தபோது வந்த இழையே கிழவயது வரைக்கும் நீண்டு சுருங்குகிறது. வளர்ந்த உடம்பு அதை மறுபடி செய்வது அபூர்வம். போனால் போனதுதான். சின்னவளும் அவளுடைய கூட்டாளியும் சோதனைக்கூடத்தில் அதைப் போல ஒன்றைச் செய்தார்கள். அசல் முழுவதையும் பின்பற்றவில்லை. அசலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு துண்டு, ஐந்து கண்ணிகள். அந்த ஐந்தையே மறுபடி மறுபடி கோத்து நீளச் சங்கிலியாக்கினார்கள். ஐந்தில் நான்காவது கண்ணி மட்டும் கோக்கிறவரின் விருப்பம். அதில் எதை வைக்கிறோமோ அதற்கேற்பச் சங்கிலியின் குணம் மாறும்.

குணம் என்றால் விசித்திரமான குணம். உலகத்தில் மற்றதெல்லாம் குளிரில் உறைந்து சூட்டில் இளகும். இது தலைகீழ். ஐஸில் வைத்தால் தண்ணீராகத் தெளிந்து கிடக்கும். குப்பியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் பாலாக வெளுத்து, பிறகு திரண்டு, ரப்பர் மாதிரி ஆகிவிடும். மறுபடி ஐஸில் வைத்தால் மறுபடி தண்ணீர். ஒருமுறை அம்மாவிடம் செய்து காட்டினாள்.

"உன்னை மாதிரியேதான் இருக்கு," என்றாள் அம்மா. "எல்லாரும் சிரிச்சுட்டிருக்கிற இடத்துல நீதான் உம்முனு ஆவே."

கூட்டாளிக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். எங்கே போனாலும் கையில் ஐஸ் நிரப்பிய பெட்டி இருக்கும். இருவரும் செய்த முதல் சங்கிலியைத் தொண்டை டாக்டர் ஒரு பொம்மைத் தொண்டையில் போட்டுப் பார்த்துவிட்டுக் கோபமாக வந்தார்.

"என் கைச்சூட்டுக்கே ஊசிக்குள்ள கட்டியாயிடுது. நோயாளி தொண்டையில குழாயை விட்டுட்டு நான் ஊசியை உதறிக்கிட்டு நிக்கவா?"

அவர் போன பிறகு ஐஸ்பெட்டி சொன்னான். "பேசாம அவர் கையை என் பெட்டிக்குள்ள வெக்கச் சொல்லிடலாம்."

சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு நான்காவது கண்ணியை மாற்றினார்கள். இப்போது சங்கிலி இன்னும் சூட்டுக்குப் போனால்தான் திரளும். உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, மிகச் சற்று.

"ரொம்பக் கிட்டப் போறோமோ?" என்றான் ஐஸ்பெட்டி.

"உடம்பு எப்பவும் ஒரே சூடுதானே," என்றாள் சின்னவள்.

அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். வேதிப்பொருள் ஊற்றி இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் யோசனையும் இருந்தது. ஒட்டினால் இறுகும், இறுகினால் அதிராது என்று விட்டார்கள். சூடு ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. வெந்நீர்த் தொட்டியில் போட்டு மாதக்கணக்கில் அதிரவைத்தார்கள். அசையவில்லை. முயல்களின் தொண்டையில் போட்டார்கள். அங்கேயும் அசையவில்லை.

ஐந்து பேருக்குப் போட அனுமதி வந்தது. அக்கா ஐந்தில் ஒருத்தி. சொந்தக்காரி என்பதால் ஊசி போடும் அறைக்குள் சின்னவள் வரக்கூடாது, அக்காவைச் சோதிக்கவும் கூடாது என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். சரி என்றாள். சரியென்று சொல்லிவிட்டு அன்று முழுக்க வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

இப்போது குரல் வந்துவிட்டது.

சனிக்கிழமை குளத்துக்குப் போனாள். வெளியே குளிர்காலம். உள்ளே போனதும் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. குளோரின் வாசனை. வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் துணி போல ஒட்டியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அக்காவைக் கேட்டுவிட்டாள்.

"ஏய், நீலத் தொப்பி! தண்ணியைப் பூரா நீயே குடிச்சிட்டா மத்தவங்க எதுல நீந்தறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீலத் தொப்பி இருமிக்கொண்டே சிரித்தது. அக்கா ரப்பர் செருப்போடு கரையோரம் நடந்துகொண்டே ஒவ்வொருவரையும் வம்புக்கு இழுத்தாள். குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சாவி மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் முடியும்வரை கேட்டாள். யாராவது பார்த்திருந்தால் இந்தப் பெண்ணுக்கு நீச்சலில் இவ்வளவு ஆசையா என்று நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். எதிர்காற்று. சின்னவள் மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டாள். அக்கா கோட்டின் மேல் பொத்தானைக்கூடப் போடவில்லை, பேச்சு மும்முரத்தில்.

"அந்த நீலத் தொப்பியோட அம்மா இருக்காளே, அவ கேக்கறா, உங்க தங்கச்சி டாக்டரான்னு. நான் சொன்னேன், இல்லங்க, அவ பசை காய்ச்சறான்னு."

"ஏன்க்கா மானத்தை வாங்கறே?"

"உண்மையத்தானே சொன்னேன். பசைதானே அது?"

தையல் கடையைத் தாண்டும்போது குரலில் ஒரு நூல் பிரிந்தது. சின்னவள் முதலில் காற்று என்று நினைத்தாள். மருந்துக்கடை வந்தபோது இன்னும் இரண்டு நூல் பிரிந்துவிட்டது. அக்கா நிறுத்தவில்லை. மேலாளர் கதை, மாமியார் கதை, அத்தான் சமையலறையில் செய்த கூத்து. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் வாயைத் திறந்து ஒரு இழுப்பு மூச்சு. வெளியே விட்டால் வெள்ளைப் புகையாக வந்தது. நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது பாதி குரல், பாதி காற்று.

"சாயங்காலமானா இப்படித்தான் ஆகுது," என்றாள் அக்கா. "களைப்பு. காலைல எந்திரிச்சா சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ரொம்பப் பேசாதீங்கன்னாரு. யார்கிட்ட வந்து சொல்றாரு பாரு."

சின்னவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. குளத்துக்குள் வெதுவெதுப்பு. தெருவில் குளிர். உடம்பு ஒரே சூடுதான், ஆனால் குரல்நாண் இருப்பது காற்று போகிற வழியில். வாயால் இழுக்கும் குளிர்காற்று நேராக அதன் மேல்தான் அடிக்கிறது. மூக்கால் இழுத்தால் காற்று சூடாகிப் போயிருக்கும். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். முயல் தெருவில் நடந்துகொண்டே மாமியார் கதை பேசாது. நாணுக்குள் திரண்டிருப்பது சூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் குளிர்ந்தால் போதும், இளகும். இளகியது கொஞ்சம் கசியும். மிச்சம் இரவில் மறுபடி திரளும். மறுநாளும் அப்படியே.

மூக்கோடு சேர்த்து மப்ளரைக் கட்டிக்கொள், தெருவில் வாயைத் திறக்காதே. இவ்வளவுதான். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லக்கூடாது என்று எந்த விதியும் தடுக்கவில்லை.

ஒரு தடவை பார்த்தது பார்த்ததே இல்லை. அவர்கள் தொழிலில் அதுதான் பாலபாடம். மூன்று தடவை செய், மூன்றும் ஒத்துப்போனால் வாயைத் திற. புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒருமுறை அவள் ஒரே ஒரு முடிவைப் பார்த்துவிட்டு வராந்தா முழுக்க ஓடி எல்லோரையும் கூட்டி வந்தாள். கடைசியில் பார்த்தால் தெர்மாமீட்டரில் கோளாறு. அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்துகொண்டு, பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள்.

பஸ் வந்தது. அக்கா ஏறி, ஜன்னலுக்குள்ளிருந்து வாயை அசைத்து என்னவோ சொன்னாள். சின்னவள் கையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் சோதனைக்கூடத்துக்குப் போய்க் கண்ணாடிக் குழாயில் ஒரு தொண்டை செய்தாள். வெளிச்சுவரைச் சுற்றி வெந்நீர் ஓடியது. உள்சுவரில் ஈரப்படலம், படலத்தின் அடியில் திரண்ட சங்கிலி. ஒரு முனையில் பம்ப். ஐஸ்பெட்டியின் பெட்டிக்குள்ளிருந்து குளிர்காற்றை இழுத்து, மூச்சுப் போல விட்டு விட்டு அனுப்பியது. திங்கட்கிழமை குழாயின் அடியில் ஒரு துளி தெளிந்த நீர் நின்றது.

ஐஸ்பெட்டி குனிந்து பார்த்தான். நிமிர வெகுநேரம் ஆனது.

"போச்சு," என்றான். "டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?"

"இன்னும் ரெண்டு தடவை."

அவன் மறுக்கவில்லை. அவனாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

இரண்டாவது தடவை பம்ப்பின் வால்வு சிக்கிக்கொண்டது. அது கணக்கில் சேராது. கழுவி, உலர்த்தி, புதிதாகச் சங்கிலி திரட்டி மறுபடி ஆரம்பித்தார்கள். காலை தோறும் அக்கா கூப்பிட்டாள். காலையில்தான் குரல் நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு காலையும் முந்தின காலையைவிட ஒரு பிடி குறைந்திருந்தது.

"நேத்து நீலத் தொப்பியோட அம்மா வாசல்லயே பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் தெருவுல நின்னு ஒரு மணி நேரம். அத்தான் தேடிக்கிட்டு வந்துட்டார்."

"கொஞ்சம் குறைச்சுப் பேசேன்க்கா."

"நீயுமா? ரெண்டு வருஷத்துப் பேச்சு உள்ள அடைஞ்சு கிடக்குடி."

சின்னவள் "ம்" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டுப் பம்ப்பைப் பார்க்கப் போனாள். அது சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவதும் முடிந்தது. திரையில் மூன்று கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். ஒரே கோடு போலப் படிந்தன. இவ்வளவு அழகாக எதுவும் அவளுக்கு ஒத்துப்போனதில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான். ஆனால் இருந்தது. பின்னால் எதை மறந்தாலும் அந்தக் கணத்தை அவளால் மறக்க முடியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டாள். அத்தான் எடுத்தார்.

"அக்கா இல்லையா?"

"இருக்கா."

"தூங்கறாளா?"

"இல்ல. இங்கதான் என் பக்கத்துல நிக்கறா. காலைலேருந்து குரல் வரலம்மா."

சாயங்காலம் போனாள். அக்கா சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அத்தான் கூடத்தில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தார். சின்னவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணி, ஊசி, டாக்டரின் கைச்சூடு, முயல், குளிர்காற்று, கண்ணாடிக் குழாய். அக்கா கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். சொல்லி முடித்த பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்பத் தெரியும்?" வெறும் காற்று.

"இன்னைக்குத்தான் உறுதியாச்சு."

"உறுதியைக் கேக்கல. எப்பத் தெரியும்?"

சின்னவள் உருளைக்கிழங்கைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாப்புல."

அக்கா எதையோ எண்ணிப் பார்ப்பவள் போல இருந்தாள். "உன் கழுத்துல மப்ளர் இருந்துச்சே."

"தப்பா இருந்தா என்ன பண்றதுன்னுதான்க்கா..."

"தப்பா இருந்தா என்னடி? ஒரு வாரம் மூஞ்சியை மூடிக்கிட்டு நடந்திருப்பேன். வேர்த்திருக்கும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டுவதற்கும் குரல் வேண்டும்.

அக்கா ஒரு கிழங்கை எடுத்து, சீவாமல் கையில் வைத்துக்கொண்டாள். "மத்த நாலு பேரு?"

"நாளைக்கு டாக்டரைப் பார்த்து..."

அக்கா மேசையிலிருந்த தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினாள். சின்னவள் அங்கேயே நின்று டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "இதை ஏன் போன வாரமே சொல்லல?" என்று மூன்றாவதாக ஒன்று கேட்டார். அன்று சாயங்காலமே நான்கு பேருக்கும் செய்தி போனது. மூன்று பேருக்குக் குரல் மிச்சமிருந்தது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்தினார்கள். இன்றைக்கும் பேசுகிறார்கள் என்று கேள்வி. நான்காவது ஆளுக்கும் அக்காவுக்கும் இல்லை.

மேலே இருப்பவர்கள் ஆய்வை நிறுத்திவைத்தார்கள். இரண்டாவது ஊசி யாருக்கும் கிடையாது. சின்னவளும் ஐஸ்பெட்டியும் நான்காவது கண்ணியை மறுபடி மாற்றினார்கள். கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே திரளும். டாக்டரின் ஊசியைச் சுற்றி ஐஸ் உறை ஒன்று மாட்டினால் தீர்ந்தது. அந்த உறையை அரை நாளில் செய்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்றான் ஐஸ்பெட்டி. திரண்டு வந்ததை உடைத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. புதுச் சங்கிலி முயலில் ஆரம்பித்து எல்லாப் படியையும் மறுபடி ஏற வேண்டும்.

அதைச் சொல்லத்தான் அக்கா வீட்டுக்குப் போனாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்தா..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா சிரித்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினாள். புதுப் பருவம் தொடங்குகிறது, கரையில் நிற்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தரமாகச் சாவி மேசைதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். பழைய ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

"ஒரே சுருதிலதான் வரும்க்கா."

அக்கா அவள் காதருகே வந்தாள். "தவளைப் பசங்களுக்குச் சுருதி எதுக்குடி?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில நாள் வாயே திறக்கக்கூடாது என்றார்கள். அந்த நாட்களில் சின்னவள் போய் அருகில் உட்கார்ந்திருப்பாள். அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். இருவருக்கும் அது ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பேசலாம் என்று டாக்டர் அனுமதித்த நாளில் ஐஸ்பெட்டியிடம் வேலையைக் கொடுத்துவிட்டுச் சின்னவள் சீக்கிரமே கிளம்பினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மத்தியான வெயில் நீளமாக விழுந்திருந்தது. அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். கனத்த, தட்டையான குரல். ரயில் நேரம் வாசிப்பதுபோல ஒரே அளவில் போனது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு வேண்டாமென்றாள். பிறகு என்னவோ சொன்னாள். நர்ஸ் சிரித்தாள்.

பார்க்க வந்தவர்கள் போகட்டும், முதல் பேச்சைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சின்னவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அந்தக் குரல் நிற்கவில்லை. வந்தவளுக்குக் கிளம்பும் எண்ணமே இல்லை போலிருந்தது.

அத்தான் மருந்துச் சீட்டோடு வந்தார். "வந்து நேரமாச்சா? ஏன் வெளியிலயே உட்கார்ந்துட்டே?"

"உள்ள யாரோ பேசிட்டிருக்காங்க அத்தான். முடிக்கட்டும்."

அத்தான் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.